செவிலியர்கள் எதனால் விலகுகிறார்கள், எதனால் நிற்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை உரிமையாளர்கள், நர்சிங் சூப்பரின்டெண்டுகள், வார்டுப் பொறுப்பில் இருக்கிற இன்சார்ஜ் சிஸ்டர்கள், புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ்கள் என்று யார் வாயிலிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 30 முதல் 300 படுக்கை வரை உள்ள மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதியவை இந்தப் பதில்கள். முன்னால் சொன்ன கணக்குகளைப் பின்னால் திரும்பப் போடவில்லை என்பதால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

சம்பளத்தை ஏத்திட்டா திருப்தி தானா வந்துடாதா? அதுக்கு மேல என்ன வேணும்?

வராது. ஆனால் சம்பளம் குறைவாக இருக்கும்வரை வேறு எது செய்தாலும் எடுபடாது. 1959இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், பிட்ஸ்பர்க் பகுதிப் பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும் பேசி ஒன்றைக் கண்டறிந்தார்: வேலையில் கசப்பைத் தருகிறவை ஒரு பக்கம், நிறைவைத் தருகிறவை இன்னொரு பக்கம். சம்பளம், வேலை நேரம், விதிமுறை, மேலதிகாரி நடத்துகிற விதம் எல்லாம் முதல் பக்கம். பொறுப்பு, வேலையில் தேர்ச்சி, அங்கீகாரம், வளர்ச்சி இரண்டாம் பக்கம்.

வார்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1ஆம் தேதி வரவேண்டிய சம்பளம் 12ஆம் தேதி வந்தால் எல்லோர் முகமும் கறுக்கிறது. 1ஆம் தேதியே வந்துவிட்டால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அதே வார்டில், ராத்திரி 3 மணிக்கு ஒரு நோயாளியின் மூச்சு வேகம் கூடுவதை முதலில் கவனித்துக் கூப்பிட்டது இந்த சிஸ்டர்தான் என்று காலை ரவுண்ட்ஸில் டாக்டர் ஒரு வரி சொன்னால் அது வருடக்கணக்கில் நினைவில் நிற்கிறது. ஆகவே இரண்டும் வேண்டும், ஆனால் வரிசை மாறக்கூடாது. ரோஸ்டரும் (டூட்டி அட்டவணை) ஆள் கணக்கும் சம்பளமும் கோணலாக இருக்கும்போது கேக் வெட்டிப் பாராட்டினால் அது கோபத்தைத்தான் கூட்டும்.

எங்க ஆஸ்பத்திரியில நிலைமை எப்படி இருக்குன்னு எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறது?

கேள்வித்தாள் அச்சடிப்பதற்கு முன், கையில் இருக்கிற பதிவேடுகளைப் பாருங்கள். ஒரு வருடத்தில் விலகியவர்களை அந்த வருடத்தின் சராசரி நர்ஸ் எண்ணிக்கையால் வகுத்தால் விலகல் விகிதம் வரும். 200 பேரில் 60 பேர் போயிருந்தால் 30 சதவீதம். இந்த ஒரு எண்ணோடு நிறுத்திக்கொள்வதுதான் பலர் செய்கிற பிழை. அந்த 60 பேரில் மூன்று கூட்டத்தைத் தனித்தனியே எண்ணுங்கள்: சேர்ந்த 90 நாளுக்குள் போனவர்கள், ஒரு வருடத்துக்குள் போனவர்கள், 3 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுப் போனவர்கள். முதல் கூட்டம் பெரிதாக இருந்தால் பயிற்சியிலும் வரவேற்பிலும் கோளாறு. மூன்றாவது கூட்டம் பெரிதென்றால் வளர வழி இல்லை.

கூடவே வார்டு வாரியாகப் பார்க்க வேண்டிய இரண்டு: எந்த வார்டிலிருந்து மாற்றல் கேட்டு அதிகம் எழுதிக் கொடுக்கிறார்கள், எந்த வார்டில் நைட் டூட்டிக்கு முந்தின நாள் திடீர் லீவு அதிகம். ஒரே மருத்துவமனையில் மூன்றாம் மாடி வார்டில் மட்டும் ஆள் நிற்கவில்லை என்றால் காரணத்தை அந்த மாடியில்தான் தேட வேண்டும்.

நியாயமான சம்பளம்னா எவ்வளவு? ஏதாவது அளவு இருக்கா?

இருக்கிறது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரை: 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 100க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 50க்குக் கீழே என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. விடுப்பு, வேலை நேரம், போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவையும் அரசுப் பணிக்கு நிகராக இருக்க வேண்டும் என்றது அந்தக் குழு. இது பரிந்துரைதான், மாநிலங்கள்தான் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். கேரளம் 2018இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பாகவே வெளியிட்டது.

அந்த 20,000 பேசப்பட்டது 2016இல் என்பதை மறக்காதீர்கள். இன்றும் அதற்குக் கீழே கொடுத்துக்கொண்டு ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈடுபாடு இல்லை’ என்பது நியாயமில்லை.

ஆறு பெட்டுக்கு ஒரு நர்ஸ்னு கணக்கா போட்டாச்சு. இன்னும் ஆள் பத்தலைன்னு சொல்றாங்களே?

பொது வார்டுக்கு 6 படுக்கைக்கு ஒருவர், வென்டிலேட்டரில் இருக்கிற நோயாளிக்கு ஒருவருக்கு ஒருவர் என்பது நம் நாட்டில் புழங்குகிற அளவு. பிழை அளவில் இல்லை, பெருக்கலில். 30 படுக்கை வார்டு என்றால் எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் 5 பேர் இருக்க வேண்டும். உடனே ‘5 பேர், 3 ஷிஃப்ட், ஆக 15 பேர்’ என்று நியமிக்கிறார்கள். அங்கேதான் தொடங்குகிறது வினை.

சரியான கணக்கு இது. 5 பேர், நாளுக்கு 24 மணி நேரம், வாரத்துக்கு 7 நாள்: 840 மணி நேரம். ஒருவருக்கு வாரம் 48 மணி நேரம் வேலை என்றால் 840ஐ 48ஆல் வகுக்க 17.5 பேர். யாரும் ஒரு நாள்கூட லீவு எடுக்காத உலகத்தில்தான் இந்த 17.5 போதும். வார விடுமுறை 52 போக வருடத்தில் 313 நாள். அதில் தற்செயல் விடுப்பு 12, மருத்துவ விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 12, தேசிய, பண்டிகை விடுமுறை 9, ஆக 45 நாள் கழித்தால் வேலைக்கு வரக்கூடியது 268 நாள். 17.5ஐ 313ஆல் பெருக்கி 268ஆல் வகுத்தால் 20.4. ஆக 21 பேர் வேண்டும். பிரசவ விடுப்பில் போகிறவர்களையும் பயிற்சிக்குப் போகிறவர்களையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

15க்கும் 21க்கும் நடுவில் இருக்கிற அந்த 6 பேரின் வேலையைத்தான் மற்றவர்கள் டபுள் டூட்டியாகவும், கிடைக்காத லீவாகவும், 8 படுக்கைக்கு ஒருவராகவும் சுமக்கிறார்கள். தாளில் 1:6 எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போய்ப் பார்த்தால் 30 பேருக்கு 3 நர்ஸ் இருப்பார்கள்.

ஒண்ணு ரெண்டு பேஷண்ட் கூடப் பார்த்தா என்ன ஆயிடும்? சமாளிச்சுக்க மாட்டாங்களா?

சமாளிப்பார்கள். அதன் விலை என்னவென்று அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவரது குழுவினரும் 2002இல் அளந்து காட்டினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்துப் பார்த்த ஆய்வு அது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நர்ஸ் மனம் கருகிப்போகும் (பர்ன்அவுட்) வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் அதிருப்தி அடையும் வாய்ப்பு 15 சதவீதமும் கூடின.

கலிஃபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி 2004இல் நர்ஸ்–நோயாளி விகிதத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே பொது வார்டில் ஒருவருக்கு 5 நோயாளிகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் 2. நர்ஸின் திருப்தியும் நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்று தெரிந்துதான் அதைச் சட்டத்தில் எழுதினார்கள்.

ரோஸ்டர் போட்டாலே சண்டை. எப்படிப் போட்டாலும் ஒருத்தர் அழறாங்க. என்னதான் பண்றது?

சண்டையில் பெரும்பங்கு டூட்டியைப் பற்றியதில்லை. ‘அவளுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது’ என்பதைப் பற்றியது. அதனால் முதலில் விதியை எழுதி நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டுங்கள். அடுத்த மாத ரோஸ்டர் இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் வெளிவர வேண்டும். வேண்டுகோள் நோட்டு ஒன்று திறந்து கிடக்கட்டும். ஒருவருக்கு மாதம் 2 வேண்டுகோள், 15ஆம் தேதி நோட்டு மூடப்படும். யார் என்ன கேட்டார், கிடைத்ததா இல்லையா என்பது எல்லோர் கண்ணுக்கும் படும்படி அதிலேயே இருக்கட்டும். இன்சார்ஜ் சிஸ்டரின் காதில் தனியாகப் போய்ச் சொல்லி வாங்குகிற வழக்கம் இதில் தானாகவே அடங்கிவிடும்.

பண்டிகைக்குத் தனிக் கணக்கு வேண்டும். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் நான்கையும் ஒரு தாளில் போட்டு, கடந்த 3 வருடம் யார் எந்தப் பண்டிகைக்கு வேலை செய்தார்கள் என்று குறித்து வையுங்கள். போன தீபாவளிக்கு வார்டில் நின்றவருக்கு இந்தத் தீபாவளி வீட்டில். ஊர்த் திருவிழா, அம்மன் கோயில் கொடை இவற்றையும் வேண்டுகோளாக மதியுங்கள்; கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய நாள்.

பிறகு, எங்கும் நடக்கிற ஓர் அநியாயம். நைட் முடித்துக் காலை 8 மணிக்கு இறங்குகிற நாளையே வார விடுமுறையாக எழுதிவிடுவது. அந்த நாள் தூக்கத்திலேயே கழிந்துவிடும். அதை விடுமுறை என்று சொல்லக்கூடாது. நைட் இறங்கிய நாள் தனி, விடுமுறை தனி. மார்னிங், ஈவினிங், நைட் என்று முன்னோக்கியே ஷிஃப்ட் நகரட்டும். பின்னோக்கிச் சுழற்றினால் உடம்பு ஒத்துழைக்காது. டபுள் டூட்டிக்கு ஈடாகத் தருகிற காம்ப் ஆஃபை 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் பணமாகத் தாருங்கள். நோட்டில் 11 காம்ப் ஆஃப் சேர்த்து வைத்திருக்கிற நர்ஸிடம் உற்சாகம் எங்கிருந்து வரும்?

12 மணி நேர நைட்டை ஒழிக்க முடியாது. குறைஞ்சது தாங்கற மாதிரி ஆக்க முடியுமா?

முடியும். தொடர்ந்து 4 நைட்டுக்கு மேல் வேண்டாம். அதன் பிறகு முழுதாக 2 நாள் ஓய்வு. ராத்திரி 1 மணிக்குச் சூடாக ஏதாவது கிடைக்க வேண்டும். கேன்டீன் 9 மணிக்கே மூடுகிற இடங்களில் நர்ஸ்கள் பிஸ்கட்டும் டீயுமாக விடிய வைக்கிறார்கள். 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் ஆள் மாற்றி ஆள் 20 முதல் 30 நிமிடம் கண் அயர அனுமதியுங்கள்; உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறையும் ஒரு கட்டிலும் போதும். திருட்டுத்தனமாக மேஜையில் தலை சாய்ப்பதைவிட, யார் அயர்கிறார் யார் விழித்திருக்கிறார் என்று தெரிந்து நடப்பது நோயாளிக்கும் பாதுகாப்பு.

காலை 8 மணிக்கு இறங்கியவர்களை 10 மணி வகுப்புக்கு உட்கார வைக்கிற வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அந்த வகுப்பில் யார் தலையிலும் எதுவும் ஏறாது, வீடு திரும்புகிற வழியில் ஸ்கூட்டியில் கண் சொக்குவதுதான் மிச்சம்.

எங்க ஷிஃப்ட் ரெண்டு மணிக்கு முடியுது. ஆனா கிளம்பவே மூணேகால் ஆகுது. இது ஏன் தினமும் நடக்குது?

உங்கள் ஷிஃப்ட் நேரங்களில் ஹேண்டோவருக்கு இடமே வைக்கவில்லை என்பதால். 8–2, 2–8, 8–8 என்று ஒன்றோடொன்று இடிக்கும்படி போட்டால், ஒப்படைக்கிற நேரம் யாருடைய சம்பளத்திலும் சேராது. கடைசி ஒரு மணி நேரத்தை ஒருமுறை அருகில் நின்று கவனியுங்கள். 1.15க்கு இன்டேக்–அவுட்புட் சார்ட்டை (நோயாளி உட்கொண்ட, வெளியேற்றிய நீரின் அளவு) கூட்டுகிறார், நடுவில் டிஸ்சார்ஜ் நோயாளியின் உறவினர் பில்லைப் பற்றிக் கேட்கிறார், 1.40க்கு மருந்து இன்டென்ட் (கேட்புப் பட்டியல்) எழுதுகிறார், போதை மருந்து எண்ணிக்கையைச் சரிபார்க்க இன்னொரு நர்ஸைத் தேடுகிறார், 1.55க்கு ஓ.டி.யிலிருந்து (அறுவை சிகிச்சை அறை) நோயாளி வந்து சேர்கிறார். எழுத வேண்டிய நர்சஸ் நோட்ஸ் அத்தனையும் அப்படியே கிடக்கிறது.

அடுத்த ஷிஃப்ட் அரை மணி முன்னதாக வரட்டும், அந்த அரை மணியும் சம்பளத்தில் சேரட்டும். முன்பு போட்ட 30 படுக்கைக் கணக்கில் 5 பேர், 3 ஹேண்டோவர், அரை மணி: நாளுக்கு 7.5 மணி நேரம், வாரத்துக்கு 52.5. ஒரே ஒரு நர்ஸுக்குச் சற்று மேல். வார்டு முழுவதும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர அதுதான் செலவு. ஹேண்டோவரைப் படுக்கையருகே வைத்து ஒரு நோயாளிக்கு 3 நிமிடம் என்றால் 6 பேருக்கு 18 நிமிடத்தில் முடியும். 1.30 முதல் 2.15 வரை வார்டுக்குப் புது நோயாளியை அனுப்புவதில்லை என்று ஓ.டி.யுடனும் கேஷுவாலிட்டியுடனும் பேசி வையுங்கள்; அவசரம் மட்டும் விலக்கு.

நர்சிங் வேலையைவிட மத்த வேலைதான் ஜாஸ்தி. இதைச் சொன்னா புகார்ங்கறாங்க. எப்படி நிரூபிக்கறது?

எண்ணிக் காட்டுங்கள். ஸ்டேஷனில் ஒரு தாள், ஐந்து கட்டம்: பார்மசிக்கு அலைந்தது, பில், இன்சூரன்ஸ் விஷயம், சாமான் தேடியது, லேப் ரிப்போர்ட்டுக்குப் போன் செய்தது, நோயாளியைத் தள்ளிக்கொண்டு போனது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு, பக்கத்தில் உத்தேச நிமிடம். 3 நாள் போதும். ஒரு ஷிஃப்டில் 5 பேர் ஆளுக்கு 50 நிமிடம் இப்படி இழந்தால் 250 நிமிடம், நான்கு மணி நேரத்துக்கு மேல். நிர்வாகத்திடம் இந்தத் தாளோடு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

தீர்வுகள் பெரும்பாலும் மலிவானவை. பார்மசிக்காரர் காலை 10க்கும் மாலை 5க்கும் வார்டுக்கே மருந்து கொண்டுவருவது, 9 முதல் 5 வரை ஒரு வார்டு கிளார்க், வீல் சேருக்கு மாடி எண் எழுதி ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு என்று நிறுத்துவது. பி.பி. கருவி வார்டுக்கு ஒன்றே இருந்தால் அதைத் தேடுவதிலேயே பாதிக் காலை போகும். 30 படுக்கைக்குக் குறைந்தது 3 வேண்டும்.

புதுசா சேர்ற பிள்ளைங்க மூணு மாசத்துல ஓடிடறாங்க. எங்க தப்பு?

முதல் வாரமே அவரை எண்ணிக்கையில் சேர்த்துவிடுகிறீர்களா என்று பாருங்கள். கல்லூரி முடித்து வந்தவரிடம் ஐந்தாம் நாளே 6 நோயாளிகளைக் கொடுத்து, நைட்டும் போட்டால் பயம் பிடித்துக்கொள்ளும். பயந்தவர் கேட்கத் தயங்குவார், கேட்காமல் செய்து தவறுவார், தவறினால் திட்டு விழும், ஒரு நாள் போனை எடுக்கமாட்டார். நடைமுறைக்கு ஒத்துவருகிற ஏற்பாடு: 6 வாரம் எண்ணிக்கைக்கு வெளியே, முதல் 2 வாரம் ஒரே சீனியரின் கூடவே, 3, 4ஆம் வாரம் 2 நோயாளிகள், 5, 6ஆம் வாரம் 4. நைட் டூட்டி 7ஆம் வாரத்துக்குப் பிறகு, அதுவும் அதே சீனியரோடு.

அந்தச் சீனியருக்கு என்ன கிடைக்கிறது? பல இடங்களில் ஒன்றுமில்லை. தன் 6 நோயாளிகளோடு புதியவரும் கூடுதல் சுமை. அந்த 6 வாரம் அவருக்கு ஒரு நோயாளி குறையுங்கள், சிறு படியும் கொடுங்கள். 7, 30, 60, 90ஆம் நாளில் நர்சிங் சூப்பரின்டெண்ட் புதியவரை உட்கார வைத்து 10 நிமிடம் பேசட்டும். ‘எல்லாம் ஓகேவா’ என்று கேட்டால் ‘ஓகே மேடம்’ என்றுதான் பதில் வரும். ‘இந்த வாரம் எந்த வேலையைத் தனியாகச் செய்யப் பயமாக இருந்தது?’ என்று கேட்டால் பதில் வரும்.

பாண்ட் எழுதி வாங்கி, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைப் பிடிச்சு வச்சா நிப்பாங்கல்ல?

உடம்பு நிற்கும், மனம் போய்விட்டிருக்கும். சர்ட்டிபிகேட்டை வைத்து மிரட்டுகிற இடம் என்று கல்லூரி வாட்ஸ்ஆப் குழுக்களில் பேர் பரவினால் அடுத்த வருடம் நல்ல பிள்ளைகள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். ரிலீவிங் ஆர்டரையும் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்டையும் இழுத்தடிப்பதும் இதே வகை.

ஒருவர் போனால் ஆகிற செலவைக் கணக்கிட்டால், நிறுத்தி வைக்கச் செய்கிற செலவு சின்னது என்று தெரியும். மாதம் 20,000 சம்பளத்தில் சேர்கிறவரின் 6 வாரப் பயிற்சிக் காலச் சம்பளமே ஏறக்குறைய 28,000. சீனியரின் கால்வாசி நேரம், காலியிடத்தை நிரப்பியவர்களின் டபுள் டூட்டி, விளம்பரம், நேர்முகம் எல்லாம் அதற்கு மேலே. வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ ஜெர்மனிக்கோ போக நினைக்கிறவரைத் தடுக்க முடியாது. ‘2 வருடம் இருங்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி தருகிறோம், மொழி வகுப்புக்குப் போக ஈவினிங் ஷிஃப்டைத் தவிர்த்துத் தருகிறோம்’ என்று வெளிப்படையாகப் பேசுங்கள். அந்த 2 வருடமும் முழு மனதோடு வேலை செய்வார், போகும்போது தன் ஜூனியரைச் சேர்த்துவிட்டும் போவார்.

‘பெஸ்ட் நர்ஸ்’ அவார்டு கொடுக்கறோம். யாருமே கைதட்ட மாட்டேங்கறாங்களே?

அளவுகோல் தெரியாத பரிசு சந்தேகத்தைத்தான் வளர்க்கும். மே 12 செவிலியர் தினத்தன்று ஒருவரை மேடையேற்றி மற்ற 199 பேரை உட்கார வைப்பதற்குப் பதில், மாதந்தோறும் வார்டு அளவில், செய்த செயலைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். ‘சிறப்பான சேவை’ என்ற சொல் காற்றில் போய்விடும். ‘14ஆம் படுக்கைத் தாத்தாவுக்கு 3 வாரம் படுத்திருந்தும் படுக்கைப் புண் வரவில்லை, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து ஒவ்வொரு முறையும் குறித்தவர்கள் இந்த நால்வர்’ என்றால் வேலை தெரிந்த எல்லோரும் கைதட்டுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகிற நோயாளிகள் பெயர் குறிப்பிட்டு எழுதித் தருகிற பாராட்டை நிர்வாகக் கோப்பில் புதைக்காமல், அந்த நர்ஸின் கையில் ஒரு பிரதி கொடுங்கள்.

டாக்டர் எல்லார் முன்னாடியும் திட்டறார், பேஷண்ட்டோட அட்டெண்டர் கை ஓங்கறார். இதுக்கெல்லாம் அவார்டு என்ன பண்ணும்?

ஒன்றும் பண்ணாது. இது முதல் கேள்வியில் சொன்ன கசப்புப் பக்கம். நோயாளி முன்னால் நர்ஸைத் திட்டக்கூடாது. குறை இருந்தால் இன்சார்ஜ் வழியாக, தனி அறையில். இந்த விதியை மருத்துவ இயக்குநரே டாக்டர்கள் கூட்டத்தில் சொல்ல வேண்டும். நர்சிங் சூப்பரின்டெண்ட் சொன்னால் செல்லாது என்பதுதான் நம் மருத்துவமனைகளின் நிலவரம். பெரிய பெயர் எடுத்த கன்சல்டன்ட் ஒருவருக்கு மட்டும் விலக்கு அளித்தால் விதியே செத்துவிடும்.

கை ஓங்குபவர்களைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது டாக்டருக்கு மட்டும் உரியதல்ல, நர்ஸுக்கும் பொருந்தும். புகாரை நிர்வாகம் தன் பெயரில் கொடுக்க வேண்டும், அடி வாங்கியவரைத் தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பக்கூடாது. பாலியல் சீண்டல் என்றால் 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயரும் போன் எண்ணும் நர்ஸ்கள் உடை மாற்றும் அறையின் சுவரில் இருக்கட்டும்.

தப்பு நடந்தா மெமோ கொடுக்காம எப்படி? பயம் இருந்தாதானே ஒழுங்கா இருப்பாங்க?

பயம் இருந்தால் ஒளிப்பார்கள். மாதத்துக்கு ஒரு மருந்துத் தவறுகூடப் பதிவாகாத 100 படுக்கை மருத்துவமனையில் தவறே நடக்கவில்லை என்று நம்புவது ஆபத்து. தவறு பதிவானதும் முதலில் கேட்க வேண்டியவை: அந்த நேரம் அவரிடம் எத்தனை நோயாளிகள், இது அவரது எத்தனையாவது தொடர் ஷிஃப்ட், ஒரே மாதிரி உறையில் இரண்டு ஆம்பியூல் (ஊசி மருந்துக் குப்பி) பக்கத்தில் இருந்ததா. வேண்டுமென்றே செய்தவருக்கும், தெரிந்தே விதியை மீறியவருக்கும் மெமோ கொடுங்கள். களைப்பிலும் குழப்பத்திலும் தவறியவருக்கு வேண்டாம்.

ஊசி குத்திக்கொண்டதை மறைப்பதுதான் இந்தப் பயத்தின் மிக மோசமான விளைவு. குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஞாயிறு ராத்திரியிலும் அந்த மருந்து கிடைக்கிறதா, அதற்கு நர்ஸ் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதக் கணக்கில் நிர்வாகச் செலவில் போட்டு, முடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவும் பாருங்கள், 10 mIU/mLக்குக் குறையக்கூடாது.

நான் இன்சார்ஜ். மேல இருந்தும் திட்டு, கீழ இருந்தும் திட்டு. நான் எப்படி மத்தவங்களை உற்சாகப்படுத்தறது?

உங்கள் கையில் அதிகாரம் இல்லாமல் முடியாது. 1983இல் அமெரிக்க நர்சிங் அகாடமி, ஆள் பற்றாக்குறைக் காலத்திலும் நர்ஸ்களை ஈர்த்துத் தக்கவைத்த 41 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. நர்ஸ்கள் எளிதில் அணுக முடிந்த தலைமை, வார்டு மட்டத்திலேயே எடுக்கப்பட்ட முடிவுகள், வளைந்து கொடுக்கிற ஷிஃப்ட் ஆகியவை அவற்றில் பொதுவாக இருந்தன. நம் ஊர் இன்சார்ஜ் சிஸ்டருக்கு 2 நாள் லீவு அனுமதிக்கவும், உடைந்த சக்‌ஷன் கருவியைச் சரிசெய்யச் சொல்லவும்கூட மூன்று கையெழுத்து வேண்டியிருக்கிறது.

நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியவை நான்கு: ரோஸ்டரில் கடைசிச் சொல் உங்களுடையதாக இருக்க வேண்டும், வார்டின் சில்லறைத் தேவைகளுக்கு மாதம் ஒரு சிறு தொகை, உங்களுக்கு நோயாளிகளை ஒதுக்காத மார்னிங் ஷிஃப்ட், உங்கள் வார்டுக்கு ஆள் எடுக்கும்போது நேர்முகத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி. உங்களை மீறி மேலிடத்துக்குப் போய் ஷிஃப்ட் மாற்றி வாங்குகிற வழியை அடைத்தாலே திட்டில் பாதி குறையும்.

ஒரே வார்டு, ஒரே வேலை. அவங்க பெர்மனென்ட், நான் கான்ட்ராக்ட். எனக்கு எப்படி உற்சாகம் வரும்?

இந்தக் கேள்விக்கு வார்டுக்குள் முழுப் பதில் கிடையாது. 2015இல் தமிழ்நாட்டின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வந்தவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். பக்கத்தில் நின்றவர் வாங்கியது காலமுறைச் சம்பளம். பின்னர் தொகுப்பூதியம் உயர்ந்தாலும் இடைவெளி போகவில்லை. பணிநிரந்தரம் அரசு தீர்க்க வேண்டியது. அதற்காகக் குரல் கொடுப்பவரைத் தலைமை நர்ஸ் எதிரியாகப் பார்க்கக்கூடாது.

வார்டுக்குள் செய்யக்கூடியது, சம்பளத்தில் இருக்கிற பாகுபாடு மற்றவற்றிலும் பரவாமல் காப்பது. நைட்டும் பண்டிகை டூட்டியும் ஒப்பந்த நர்ஸ் தலையிலேயே விழுகிறதா என்று ரோஸ்டர் விதிகளை வைத்து எண்ணிப் பாருங்கள். பயிற்சிக்கு அனுப்புகிற பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கட்டும். தடுப்பூசியும் ஊசி குத்தலுக்கான சிகிச்சையும் எல்லோருக்கும் ஒன்றே.

கல்யாணம், குழந்தைன்னு போயிடறாங்க. இதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?

நிறைய. பிரசவ கால நலச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை அங்கே போய் வரலாம். சட்டத்தில் இருப்பதையே பல இடங்களில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் செய்யக்கூடியது: திரும்பி வந்த முதல் 6 மாதம் நைட் இல்லை, பழைய வார்டிலேயே இடம், பால் எடுத்து வைக்க ஒரு மறைவான அறையும் ஃபிரிட்ஜும். ஐந்தாறு வருட அனுபவமுள்ள நர்ஸ் போவது இந்த இடத்தில்தான். ஆள் கணக்கில் பிரசவ விடுப்புக்கும் இடம் வைத்திருந்தால், கர்ப்பம் என்று சொல்லும்போது இன்சார்ஜின் முகம் மாறாது.

சர்வே எடுத்தோம். எல்லாரும் ‘திருப்தி’ன்னு டிக் பண்ணிட்டாங்க. ஆனா ஆள் போயிட்டேதான் இருக்காங்க. எது உண்மை?

ஆள் போவதுதான் உண்மை. 12 பேர் உள்ள வார்டில் வயது, படிப்பு, எத்தனை வருட அனுபவம் என்று கேட்டாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். தாளை இன்சார்ஜிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னால் சொல்லவே வேண்டாம். பெயரும் வயதும் வேண்டாம், வார்டுகளைச் சேர்த்து 30 பேருக்குக் குறையாத கூட்டமாக ஆக்குங்கள், பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள், தமிழில் கேளுங்கள். வேலைச் சூழலை அளக்க அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் ஐலீன் லேக் 2002இல் தொகுத்த 31 கேள்விகள் கொண்ட அளவுகோல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஆள் போதுமா, மேலாளர் துணை நிற்கிறாரா, டாக்டர்களோடு உறவு எப்படி என்று பகுதி பகுதியாகக் காட்டும். ‘திருப்தியா?’ என்று நேராகக் கேட்பதைவிட இது பயன் தரும்.

முடிவுகளை 30 நாளுக்குள் சுவரில் ஒட்டி, அதில் ஒன்றையாவது மாற்றிக் காட்டுங்கள். எடுத்த சர்வே அலமாரிக்குள் போனால் அடுத்த வருடமும் எல்லோரும் ‘திருப்தி’ என்றே டிக் அடிப்பார்கள். விலகுகிறவரிடம் கடைசி நாளில் கேட்டாலும் ‘வீட்டுப் பிரச்சினை’ என்றுதான் சொல்வார், ஏனெனில் அவருக்கு ரிலீவிங் ஆர்டர் வேண்டும். ஆர்டர் கையில் கிடைத்து 2 மாதம் கழித்துப் போனில் கேளுங்கள்.

எங்களுது 40 பெட். பணமும் இல்லை, ஆளும் கிடைக்கலை. எதுல இருந்து ஆரம்பிக்கறது?

காசு தேவைப்படாதவற்றிலிருந்து. இந்த மாதமே ரோஸ்டர் விதிகளும் வேண்டுகோள் நோட்டும். அடுத்த மாதம் 3 நாள் எண்ணும் தாள், அதில் மேலே வருகிற ஒரே ஒரு தொல்லைக்குத் தீர்வு. மூன்றாம் மாதம் ஹேண்டோவர் நேரம். சம்பளம் எத்தனாம் தேதி என்பதை நிலையாக்குங்கள். தொகையை உயர்த்த இப்போது முடியாவிட்டாலும் தேதியை உங்களால் காப்பாற்ற முடியும். நர்ஸே கிடைக்காத நிலையில் 40 படுக்கையையும் நிரப்பாமல் 30ஐ மட்டும் திறந்து வைப்பதும் நேர்மையான ஒரு வழி. இருக்கிற 14 பேரைப் பிழிந்து 40ஐயும் ஓட்டினால் ஆறு மாதத்தில் 9 பேர்தான் மிஞ்சுவார்கள்.

நல்லா வேலை பார்த்த சீனியர் சிஸ்டர். இப்போ எதுலயும் பட்டுக்கறதில்லை, பேஷண்ட்டை ‘பெட் நம்பர் ஏழு’ன்னு கூப்பிடறாங்க. சோம்பேறித்தனமா?

பெரும்பாலும் இல்லை. மனம் கருகுவதற்கு மூன்று அடையாளங்களை அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் வகுத்தார்: உணர்ச்சி வற்றிப்போவது, மனிதர்களைப் பொருளாகப் பார்க்கத் தொடங்குவது, நான் செய்வதால் என்ன பயன் என்று தோன்றுவது. நோயாளி படுக்கை எண்ணாக மாறுவது இரண்டாவது அடையாளம். அக்கறை அதிகம் இருந்தவர்களுக்கும் இது வரும்.

எல்லோர் முன்னும் கேட்காமல் தனியாக உட்கார வைத்து, கடந்த 3 மாத ரோஸ்டரை அவரோடு சேர்ந்து பாருங்கள். எத்தனை நைட், எத்தனை டபுள், எத்தனை மரணம் பார்த்தார், கடைசியாக 5 நாள் சேர்ந்தாற்போல் லீவு எடுத்தது எப்போது. முதலில் அந்த லீவைக் கொடுங்கள். திரும்பி வந்தபின் ஒரு மாதம் புதியவர்களுக்குப் பயிற்சி தருகிற பொறுப்பையோ, ஓ.பி. டூட்டியையோ அவர் விருப்பம் கேட்டு ஒதுக்குங்கள். தண்டனை மாற்றல் போலத் தோன்றிவிடக்கூடாது. தூக்கம் இல்லை, அழுகை நிற்கவில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வந்தால் அது ரோஸ்டரால் தீராது. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416. இரவிலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.